வாசல் வரை ஒரு பேரம்

பத்து வருஷமாக நான் தேடிய பழைய ரேஸ் சைக்கிள் ஃபிரேம், கையாலேயே செய்த ஸ்டீல் சட்டம், ஒரு அக்கா வீட்டு வராந்தாவில் விலைக்கு நின்றது. துள்ளிய மனசை அடக்கினேன். பேரத்தில் முதல் பாடம் முகம் சுளிப்பது.

“இது ஃபிரேமா, துணி காயப்போடுற கம்பியா? பத்தவெச்ச இடமெல்லாம் பல்லிளிக்குது. ஏறினா முதுகெலும்பு மிஞ்சாதுக்கா.”

“அப்படியா தம்பி? என் வீட்டுக்காரர் உசிரா வெச்சிருந்தாரே!”

“பாவம், ஏமாந்திருக்காரு” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, கூப்பிடட்டும் என்று வாசலுக்கு ஆமையாக நடந்தேன்.

“தம்பி!”

வேண்டாவெறுப்பாகத் திரும்பினேன். அக்கா கையில் இரும்பு அறுக்கும் ரம்பம்.

“விலை கேட்டு வர்றவங்கள்ல உண்மையா ஆசைப்படுறவருக்குச் சும்மாவே குடுத்துடுன்னு சொல்லிட்டுத்தான் அவரு கண்ணை மூடினாரு. நல்லவேளை, நீங்க உண்மையைச் சொன்னீங்க. யாராவது ஏறி விழுந்தா பாவம் யாருக்கு? அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க, அறுத்துடலாம்.”

வாயைத் திறந்தால் மானம் போகும். பிடித்துக்கொண்டேன்.