மூன்று தடவை பார்த்த படம்

அர்ஜுனன் சி.டி.யை வேட்டி முனையால் துடைத்துப் பிளேயருக்குள் தள்ளினார்.

அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை.

பார்க்காதது ஒரு குற்றமில்லை. ஆனால் எட்டு வருடமாக, மூன்று தடவை பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் ஒன்று முதல் நாள், முதல் காட்சி.

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் அர்ஜுனன் வீட்டு ஹாலில் நாங்கள் நான்கு பேர் கூடிப் பழைய படம் பார்ப்போம். அர்ஜுனன் கேபிள் டி.வி. நடத்துகிறவர். மாணிக்கவேலுக்குத் தாமலில் உரக்கடை. மேரி சிஸ்டர் பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். நான் தேசிகன், பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. அந்த ஹாலில் மட்டும் பேராசிரியர்.

எந்தப் படம் ஓடினாலும் நடுவில் நிறுத்தச் சொல்லி விளக்கம் கொடுப்பேன். கேமராவை ஏன் அந்த மூலையில் வைத்தார்கள் என்பதுவரை எனக்குத் தெரியும். கேமராவை நான் கையால் தொட்டதுகூட இல்லை.

எல்லாவற்றையும் கடைசியில் இந்த ஒரு படத்தோடு ஒப்பிட்டு முடிப்பேன். படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். நிஜமாகவே பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டால் எனக்குத்தான் அசிங்கம். எங்கேயும் பிரதி கிடைக்காது என்ற தைரியத்தில் அளந்துகொண்டிருந்தேன். போன வாரம் சென்னையில் ஒரு நடைபாதைக் கடையில் அது அர்ஜுனன் கையில் சிக்கிவிட்டது.

என் அப்பா சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் கைங்கரியம் செய்தவர். சினிமாக் கொட்டகை இருந்த தெருப்பக்கமே எங்களைப் போகவிட்டதில்லை. ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோவில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிச்சித்திரம் வரும். மூன்று மணி நேரப் படத்தை ஒரு மணி நேரமாக வெட்டி, சத்தத்தை மட்டும் ஒலிபரப்புவார்கள். மதில் சுவரில் சாய்ந்துகொண்டு அந்தப் படத்தை மூன்று ஞாயிறு கேட்டேன். நான் சொன்னதில் அந்த மூன்று மட்டும்தான் நிஜம்.

கடைசிக் காட்சிதான் என் ஸ்பெஷல். என்ன தடை வந்தாலும் முகூர்த்தத்துக்கு வந்து நிற்பேன் என்று கதாநாயகன் சத்தியம் செய்வான். உடனே கெட்டிமேளம். அத்தோடு ஒலிச்சித்திரம் முடிந்துவிடும். சுவருக்கு இந்தப் பக்கம் நானே அட்சதை போட்டுக் கல்யாணத்தை முடித்துவிட்டேன்.

மணப்பெண்ணின் கூறைப்புடவை அரக்கு என்பேன். மாணிக்கவேல் மாம்பழக் கலர் என்பார். அவர் நாலு தடவை பார்த்தவர். உடல் அரக்கு, கரை மாம்பழம் என்று அர்ஜுனன் தீர்ப்பு சொல்வார். அவர் தியேட்டர் ஆபரேட்டருக்கே சிநேகிதராக இருந்தவராம். எட்டு வருடமாக இந்தச் சண்டை ஓயவில்லை. மேரி சிஸ்டர் மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

டைட்டில் ஓடியது. கறுப்பு வெள்ளை.

எனக்கு வேர்த்துவிட்டது. மாணிக்கவேலும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அர்ஜுனன் எழுந்துபோய் ஃபேனைக் கூட்டி வைத்தார். வெயில் காலம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குப் படத்தை எங்கும் நிறுத்தச் சொல்லவில்லை. ரேடியோவில் வந்த வசனமெல்லாம் மனப்பாடம், முகங்கள்தான் புதிது. இத்தனை காலம் கதாநாயகி என்று நான் உருகிய குரல் அவளுடைய அத்தையின் குரல்.

கடைசிக் காட்சி வந்தது. அவன் சத்தியம் செய்தான். கெட்டிமேளம் கொட்டியது.

தாலி கட்டியவன் வேறு யாரோ.

படம் முழுக்க ஒரு வசனம்கூட இல்லாத ஆள். அப்படி ஒருவன் இருப்பது ரேடியோவில் எப்படித் தெரியும்? கதாநாயகன் பந்தலுக்கு வெளியே நின்று மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு திரும்பி நடந்து போய்விட்டான். வணக்கம் போட்டுவிட்டார்கள்.

என் காது இரண்டும் சுட்டது. மாணிக்கவேல் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறார் என்று குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"இது வேற பிரிண்ட்டுபா. நாம பாத்தது இது இல்ல."

அர்ஜுனன் முந்திக்கொண்டு ஆமாம் போட்டார். சி.டி. கம்பெனிக்காரன் கண்டபடி வெட்டி ஒட்டிவிட்டான் என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் காப்பாற்றியது என்னை அல்ல. தாமலிலும் ரேடியோ இருந்திருக்கிறது, அர்ஜுனன் வீட்டிலும் இருந்திருக்கிறது. இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதைச் செய்யாமல், அசல் பிரதி ஒரு தீ விபத்தில் போய்விட்டது என்று வரலாறு ஒன்றை எடுத்துவிட்டேன். இருவரும் உச்சுக்கொட்டினார்கள்.

மேரி சிஸ்டர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியனுப்ப நான் வாசல்வரை போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"நர்ஸ் ட்ரெய்னிங்ல இருக்கும்போதே இத தியேட்டர்ல பாத்துட்டேன் சார். அந்தாளு திரும்பி நடந்து போனத பாத்துட்டு ரெண்டு நாளு சோறு எறங்கல. நீங்க சொல்றப்போ அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுது. அத கேக்கத்தான் வந்துக்கினு இருந்தேன்."

பேராசிரியருக்கு வெட்கமாக இருந்தது. எட்டு வருடம் என் புளுகைக் கேட்டுக்கொண்டு ஒரு தடவைகூட முகம் சுளிக்காத அந்த அம்மாள் மேல் வந்த பிரியம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த வாரமும் அப்படியே சொல்கிறேன் சிஸ்டர், கல்யாணத்தை நடத்தாமல் விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர் சிரித்தார். படியிறங்கி, குடையை விரித்த பிறகு திரும்பிப் பார்த்தார்.

"எப்பிடி சார் சொல்ல வரும்? இப்ப நீங்களும் பாத்துட்டீங்களே."