நைனாவுக்குக் காட்டிய அணை

"இன்னாம்மா, அங்க உர்ர்னு ஒரு சத்தம்?" என்று அமெரிக்காவிலிருந்து கேட்டான் தினேஷ்.

"பிரிட்ஜ்டா. பழசாயிடுச்சில்ல, கத்திக்கினே கீது," என்றாள் அன்னம்மாள். "நீ அத்த வுடு. அணையைக் காட்டு."

ஆவடிக்குப் பக்கத்துச் சேக்காட்டில் அப்போதுதான் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மகன் இருக்கும் பாலைவனத்தில் முந்தைய நாள் சாயங்காலம். போன் திரையில் ஹூவர் அணையின் மேல் தினேஷும் மருமகள் ரேணுகாவும் நின்றிருந்தார்கள். அவன் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்து விட்டிருந்தான். ரேணுகா ஏழு மாத வயிற்றோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"மீசை எங்கடா?"

"வெயில் தாங்கலம்மா. எடுத்துட்டேன்."

"நல்லாவே இல்ல. யார் ஊட்டுப் புள்ளயோ மாரி கீற."

அணையைப் பார்க்க வேண்டும் என்பது தினேஷின் ஆசை இல்லை. அவன் அப்பா தசரதனின் ஆசை. ஆவடி டாங்க் பேக்டரியில் கிரேன் ஓட்டியவர் அவர். குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் யாரோ கொடுத்த காலண்டரில் அந்த அணையின் படம் வந்தது. வருஷம் முடிந்தும் காலண்டரைக் கழற்ற விடவில்லை. சுற்றிலும் பொட்டல் காடு, நடுவில் அத்தனை தண்ணீரையும் ஒரே ஒரு சுவர் பிடித்து வைத்திருக்கிறதே என்று, வீட்டுக்கு வந்தவர் போனவரையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்லுவார். கேட்டவர்கள் காபியைக் குடித்துவிட்டுத் தப்பித்தால் போதும் என்று ஓடுவார்கள்.

அழைத்துப் போவதற்காக தினேஷ் டிக்கெட் கூடப் போட்டான். அந்த நேரம் பார்த்து தசரதனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். பயணம் நின்றது, பேச்சும் போனது. "நான் அங்க போய் நின்னு லைவ்ல காட்டறேன் நைனா," என்று அன்றைக்கு மகன் வாக்குக் கொடுத்திருந்தான்.

"நைனா பக்கத்துலயா கீறாரு?"

"ஆமாண்டா, படுத்துக்கினு கீறாரு. இங்க நெட்டு நிக்கல, அதான் எங்க வீடியோவ ஆப் பண்ணிட்டேன். நீ பேசு, அவரு கேப்பாரு."

தினேஷ் கேமராவைத் திருப்பினான். செங்குத்தான பாறைகளுக்கு நடுவே சாம்பல் நிறச் சுவர் வளைந்து கீழே கீழே இறங்கியது.

"நைனா, இதான். நீ சொன்னா மாரியே கீது. அடியில பாரு, சின்னதா தெரியுது பாரு, அங்கதான் கரண்டு எடுக்கறாங்க. இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் வேற மாநிலம். நான் சரியா நடுவுல நிக்கறேன். சுவத்துல கைய வெச்சிருக்கேன் நைனா, இன்னும் சூடு எறங்கல." அவன் குரல் கம்மியது. "காத்து ஓவரா அடிக்குதும்மா," என்றான்.

அன்னம்மாள் போனைத் திருப்பிக் கண்ணாடியின் மேல் பிடித்தாள்.

கண்ணாடிக்குக் கீழே தசரதன், நெற்றியில் ஒரு ரூபாய்க் காசும் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியுமாகக் கிடந்தார். உர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது ஐஸ் பெட்டி.

நேற்றுக் காலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மகனுக்குச் சொல்லக் கூடாது என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கிவிட்டாள் அன்னம்மாள். இப்போது இந்தியாவுக்கு வந்தால் திரும்பிப் போக விசா கிடைக்காது என்று போன மாதம்தான் அவன் புலம்பியிருந்தான். பிள்ளைத்தாச்சியைத் தெரியாத ஊரில் ஒண்டியாக விட்டுவிட்டு அவன் இங்கே வந்து மாட்டிக்கொண்டால் அவள் கதி என்ன? குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் போன் வந்தது. எடுக்காவிட்டால் சந்தேகப்படுவான். பக்கத்து வீட்டு ஜமீலா தெருவுக்கு ஓடி மேளக்காரர்களை நிறுத்தச் சொன்னாள். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

"தெரியுதா நைனா?" என்றான் தினேஷ்.

"தெரியுதாம்டா. தலைய ஆட்டறாரு."

இத்தனை வருஷம் ஆசைப்பட்ட மனுஷனுக்கு இன்னும் ஒரே ஒரு நாள் கொடுத்திருக்கக் கூடாதா என்று அன்னம்மாளுக்குச் சாமி மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு போனை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அணைக்கு அப்பால் நீல நிறத்தில் தண்ணீர் தெரிந்தது.

வாசலில் பாடை தயாராகிவிட்டது. தினேஷ் இல்லாததால் கொள்ளி வைக்க வேண்டியவன் ஜெகன், தசரதனின் தம்பி மகன். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து நின்றவன், பெரியம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். நேரமாகிறது என்று பெரியவர் ஒருவர் கையால் சைகை காட்டினார்.

"சரிடா, நைனாவுக்கு மாத்திர குடுக்கணும்," என்றாள் அன்னம்மாள். "நல்லா காட்டுன, அவருக்கு ரொம்ப சந்தோஷம். ரேணுகாவ ரொம்ப நேரம் நிக்க வெக்காத, காருக்கு இட்டுனு போ. நான் வெச்சிடறேன்."

மறுமுனையில் ரேணுகா விசும்புவது போல இருந்தது.

"வெக்காதம்மா. ஜெகன் எனக்கு அப்பவே சொல்லிட்டான். நைனாவ எடுக்கச் சொல்லு. போனை ஜெகன் கையில குடு, சுடுகாடு வரைக்கும் நானும் வரேன்."