மணிக்கு நாலு மைல்

ஆர்லாண்டோ கேளிக்கைப் பூங்காவின் வாசலில், நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கான ஸ்கூட்டரை வாடகைக்கு எடுக்க நின்றிருந்தாள் வெர்னா. வயது எழுபத்து நான்கு.

"வேணாம்மா. எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க," என்று மகன் கர்டிஸ் முணுமுணுத்தான்.

"பாக்கட்டும். போன வருஷம் மத்தியானமே ரூமுக்குத் திரும்பிட்டோம். வாணவேடிக்கை பாக்கவே இல்ல. இந்தத் தடவை பாத்துட்டுத்தான் வருவேன்."

கவுண்டர் பெண் குனிந்து, சற்று உரக்கப் பேசினாள். "பயப்படாதீங்கம்மா, ஓட்டுறது ரொம்ப சுலபம். ஓட்டுறவங்க எடை எவ்வளவு? ஃபாரத்துல எழுதணும்."

"இருநூத்தி எழுபது பவுண்டு."

அந்தப் பெண் ஒல்லியான வெர்னாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கில்ல கண்ணு, இவனுக்கு. ஒரு மைல் நடந்தா முட்டியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுவான். நான் முப்பத்தோரு வருஷம் வீடு வீடா நடந்து தபால் குடுத்தவ."

சாவியை வாங்கி மகன் கையில் வைத்தாள். "இது எவ்வளவு வேகம் போகும்?"

"மணிக்கு நாலு மைல்மா."

வெர்னா குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"பரவாயில்ல. நான் கொஞ்சம் மெதுவாவே நடக்கிறேன்."