புதைத்த சட்டை

“எங்கே புதைச்சே? காட்டு” என்றார் மாமனார்.

“இதோ, இங்கேதான்.” அவள் மண்வெட்டியைக் காலடியில் ஊன்றினாள். “ரெண்டு மாசமாச்சு மாமா. எலும்பு தேறினா அதிர்ஷ்டம்.”

“முதல்ல என்னுது.” பக்கத்துப் பாதி வயலில் தான் புதைத்த வெள்ளைப் பருத்திச் சட்டையை அவரே தோண்டி இழுத்தார். ஒரு பொத்தல் இல்லை.

“பாத்தீங்களா? உயிருள்ள மண்ணுன்னா பருத்தியைத் தின்னு தீர்த்திருக்கும். மூட்டை மூட்டையா உரத்தைக் கொட்டிக் கொன்னுட்டீங்க.”

“உன் மண்ணு என்ன கிழிச்சிருக்குன்னு பாப்போம். உன் சட்டை கந்தலா வந்தா மொத்த வயலும் உன் பொறுப்பு. முழுசா வந்தா, அந்த நாத்தம் பிடிச்ச டிரம்மைச் சாக்கடையில கவுத்துடணும்.”

டிரம்மில் இருந்தது, அவள் சர்க்கரைப்பாகு ஊற்றி வளர்த்த நுண்ணுயிர்க் கரைசல். வாரம் தவறாமல் தன் பாதிக்குத் தெளித்திருந்தாள்.

வரப்பில் உட்கார்ந்து நகத்திடுக்கு மண்ணை நோண்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் விருட்டென்று நிமிர்ந்தான். லாரி ஓட்டுகிறவன். நெடுந்தூர ஓட்டம் முடிந்து முந்தாநாள்தான் வீடு திரும்பியிருந்தான்.

அவள் வெட்டினாள். மண்ணுக்குள்ளிருந்து வெள்ளைச் சட்டை வந்தது. மடிப்புகூடக் கலையவில்லை.

மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “உன் பூச்சிங்களுக்குப் பசியே எடுக்கலை போல! தூக்குடா டிரம்மை!”

புருஷன் நகரவில்லை. அவள் ஓடிப்போய் டிரம்மை மறித்து நின்றாள்.

“யாரும் கைவைக்கக் கூடாது. இந்த மண்ணைத் தினம் கையில அள்ளிப் பாக்குறவ நான். இது செத்த மண்ணு இல்லை.”

“தோத்தவளுக்கு வாயைப் பாரு!”

“தோத்தேன்னு யார் சொன்னா? இன்னொரு சட்டை கொடுங்க, மறுபடி புதைக்கிறேன். அதுவும் முழுசா வந்தா, என் புடவையைப் புதைக்கிறேன். டிரம்மை மட்டும் தொடவிட மாட்டேன்.”

புருஷன் தொண்டையைச் செருமினான். எழுந்து வந்து, கால்சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவளிடம் நீட்டினான். மண் அப்பிய ஒரு காலர். அதில் ஒற்றைப் பொத்தான் தொங்கியது.

“நேத்து தோண்டிப் பாத்தேன், இவ்வளவுதான் மிச்சம். நீ தோத்துட்டேன்னு நெனச்சு, நான்தான் புதுசு வாங்கி வெச்சேன்.”