லீட் கிட்டாருக்கு ஓர் ஆள்

“லீட் கிட்டாருக்குக் கையில வெயிட் வேணும்மா. பொம்பளப் புள்ள கையில அது வராது. கோவிச்சுக்காத, உள்ளதைச் சொல்றேன்.”

மணியம் இதைச் சொன்னபோது தாரணி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. டுரியான் துங்கால் ஊரில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவருடைய இசைக்குழுவின் ஒத்திகை அறை. நான்கு வருடமாக அந்தக் குழுவில் பின்வரிசையில் நின்று, பாட்டுக்குத் தாளமாக ஒலிக்கும் ரிதம் கிட்டார் வாசிப்பவள் அவள். மெட்டைத் தனியாக எடுத்து லீட் வாசித்த புவனேஷுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை அலோர் காஜா கோயில் திருவிழாவில் மேடை. முன்வரிசையில் அவன் இடம் காலியாகக் கிடந்தது.

“நான் லீட் வாசிச்சு நீங்க கேட்டதே இல்லையே, மாஸ்டர்.”

“கேட்டுத்தான் தெரியணுமா? முப்பது வருஷம் நானே லீட் வாசிச்சவன். கண்ணை மூடிக்கிட்டு, சத்தத்தை வச்சே ஆளைச் சொல்லிடுவேன்.”

“கண்ணை மூட வேணாம். நடுவுல திரை கட்டிடலாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு கிட்டார் கேக்கும். ஒரே பாட்டு. என் கை எதுன்னு சொல்லுங்க. அப்புறம் உங்க காதுக்கு எது பிடிச்சிருக்கோ, அதுக்கே அந்த எடத்தைக் குடுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

“திமிரைப் பாருலா,” என்றார் மணியம், கீபோர்டு வாசிக்கும் கவிநேசனிடம். அவன் குனிந்து கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஆனால் மணியம் மறுக்கவில்லை. மறுத்தால், தன் காதின் மேல் தனக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது, பழைய மேடைத் திரை ஒன்று அறையின் குறுக்கே தொங்கியது. எதிரே அவருக்கு ஒரு நாற்காலி. கவிநேசன் திரை ஓரமாக நின்றான்.

“முதலாவது, மாஸ்டர்.”

சன்னமான, கூர்மையான ஒலி. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெறித்தது. பாதியிலேயே மணியம் கையை உயர்த்தினார்.

“போதும். இதுதான் தாரணி. கிட்டாரு உடம்பு லேசு, தந்தி மெலிசு, தொட்டாலே பாடும். கையில பலம் இல்லாதவங்க அதைத்தான் எடுப்பாங்க. வாசிப்பு சுத்தமாத்தான் இருக்கு, இல்லேங்கல. ஆனா பயந்து பயந்து தொடுது புள்ள.”

திரைக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தமும் கேபிளைப் பிடுங்கிச் செருகும் சத்தமும் கேட்டன.

“ரெண்டாவது.”

முதல் சுரத்திலேயே மணியத்தின் முதுகு நிமிர்ந்தது. தடித்த, இழைந்து வரும் ஒலி. சரணத்துக்கு முன்னால் வரும் இடத்தில் வாசித்த கை தந்தியை மேலே தள்ளி, சுரத்தை உச்சிக்குக் கொண்டுபோய், அங்கேயே பிடித்து நிறுத்தியது. அது நடுங்கியபடி நின்றுகொண்டே இருந்தது. மணியத்தின் இடது கை விரல்கள் முழங்காலின் மேல் தாமாக அழுந்தின. சுண்டுவிரல் மட்டும் மடங்கவில்லை. அது மடங்காமல் போனதால்தான் ஆறு வருடத்துக்கு முன்பு அவர் கிட்டாரைக் கீழே வைத்தார்.

பாட்டு முடிந்ததும் அவர் கவிநேசன் பக்கம் திரும்பினார்.

“கவி, இந்தக் கிட்டாரு கனமான மரம். தோள்ல மாட்டினா தோள்பட்டையே இறங்கிடும். கழுத்துப் பருமன் வேற. இதுல தந்தியை அப்படித் தள்ளி நிறுத்தணும்னா விரல் எரியும். இவன் நிறுத்துறான் பாரு. இதுதான் ஆம்பளக் கை. இவனை எங்கேருந்துடா புடிச்ச?”

“மூணாவதையும் கேட்டுடுங்க, மாஸ்டர்,” என்றான் கவிநேசன்.

மூன்றாவது, உள்ளே குடைந்த உடம்புள்ள கிட்டார் என்று அவருக்குப் பட்டது. மெத்தென்ற ஒலி, அவசரமே இல்லாத வாசிப்பு.

“இவரு வயசான ஆளு,” என்றார் மணியம் மரியாதையோடு. “ஓட்டல் மேடையில நாளு பூரா உக்காந்து வாசிச்ச கை. நல்ல வாசிப்பு. ஆனா திருவிழாக் கூட்டத்தை இவரால எழுப்ப முடியாது.”

அவர் எழுந்து, சட்டைப் பையிலிருந்து நிகழ்ச்சித் தாளை எடுத்து நாற்காலியின் மேல் விரித்தார்.

“ரெண்டாவது ஆளுதான் என் லீட். கோயில் கமிட்டித் தலைவரே வந்து கேட்டாலும் மாத்த மாட்டேன். தாரணி, கேட்டுக்கிட்டியா? இதுல எனக்கு உன்மேல கோவம் ஒண்ணும் இல்ல. கை பேசிடுச்சு, அவ்வளவுதான். கவி, அந்தத் தம்பி பேரைச் சொல்லு, எழுதிக்கிறேன்.”

கவிநேசன் திரையின் கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

அங்கே ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதில் தாரணி உட்கார்ந்திருந்தாள். மூன்று கிட்டார்கள் பக்கத்துச் சுவரில் சாய்ந்திருந்தன.

மணியம் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பின்பக்கம் வாசல் எதுவும் கிடையாது.

“மத்த ரெண்டு பேரு எங்கம்மா?”

“முதல் ஆளுக்குக் கையில பலம் இல்லேன்னீங்க, மூணாவது ஆளுக்கு வயசாயிடுச்சுன்னீங்க, ரெண்டு பேரையும் அனுப்பிட்டேன்,” என்றபடி தாரணி எழுந்து, கனமான கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “உங்க ரெண்டாவது ஆளு சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரணும், மாஸ்டர்?”