தொலைதூரப் படி

மூங்கிலில் கட்டிய தூளியில் சுருண்டு கிடந்த டாக்டர் ஹெப்சிபாவுக்குத் தன் நிலைமை நன்றாகவே தெரிந்தது. வயிற்றில் குழந்தை குறுக்கே கிடக்கிறது. மலையிறங்கி டவுனுக்குப் போய் ஆபரேஷன் செய்தால்தான் இருவரும் பிழைப்பார்கள். ஆம்புலன்ஸோ காட்டாற்றின் அக்கரையில் நின்று அலறிக்கொண்டிருந்தது. இடையில் வெள்ளம். நேற்றுவரை இருந்த பாலத்தைக் காணோம்!

"பாலம் எங்கே, தலைவரே?"

தூளியைச் சுமந்து வந்த ஊர்த்தலைவர் சடையாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"காலையிலதாம்மா இடிச்சோம். நாளைக்கு கவர்மெண்ட்டுல இருந்து தூரம் அளக்க வர்றாங்கல்ல? பாலம் இருந்தா தூரம் கம்மின்னு உங்க தொலைதூரப் படியை நிறுத்திடுவாங்க. முன்னால இருந்த ரெண்டு டாக்டரும் படி இல்லைன்னுதான் பொட்டியக் கட்டினாங்க. நீங்களும் போயிட்டா எங்களுக்கு யாரும்மா இருக்கா? பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குன்னீங்களே..."

ஹெப்சிபாவால் திட்டக்கூட முடியவில்லை. சம்பளத்தைப் போல மூன்று மடங்கு வரும் அந்தப் படிக்காகத்தானே அவளும் மலையேறினாள்!

அடுத்த வலியில் வீறிட்டாள்.

அலறல் கேட்டு விறகுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஒருத்தி, தூளியில் இருப்பது யாரென்று பார்க்காமலே கூட்டத்தைப் பிடித்து உலுக்கினாள்.

"மரம் மாதிரி நிக்கிறீங்களே! ஓடிப்போய் நம்ம டாக்டரம்மாவைக் கூட்டியாங்கய்யா!"