பின்பக்க அம்பு

மார்ச் பதினொன்று, சனிக்கிழமை காலை. விளையாட்டில் பின்பக்கச் சத்தம் வரவில்லை என்று நான்காம் மாடி வீட்டிலிருந்து கணினிக் கடைக்குப் புகார் போனது.

மெக்கானிக் வந்து பார்த்தான். மேசையில் ஸ்பீக்கரும் இல்லை, ஹெட்போனும் இல்லை.

"எதுலக்கா சத்தம் வரணும்?"

"சத்தம் வேண்டாம் தம்பி. அம்புதான் வரணும்," என்றார் வீட்டம்மா.

சத்தம் வரும் திசையில் திரையில் ஓர் அம்பு எரியும். காது கேட்காதவர்கள் ஆடுவதற்கான வசதி அது.

"இடதும் வலதும் எரியுது. பின்னாடி எரியலை."

"ரெண்டு ஸ்பீக்கர்னு வச்சிருக்கீங்க. அதான் பின்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத் தெரியலை. எட்டுன்னு மாத்தணும்."

"இல்லாத ஸ்பீக்கருக்கு எண்ணிக்கை வேறயா?"

அவன் சிரித்துக்கொண்டே மாற்றினான். திரையின் மேல் ஒரு சிறுவனின் தொப்பி மாட்டியிருந்தது.

"பையனுக்குப் பிறந்ததிலேருந்தே கேக்காதாக்கா?"

"அவனுக்குப் பாம்புக் காது. அவங்கப்பாவுக்குத்தான் கேக்காது. அவர் ஆடுவாரு, இவன் பின்னாடி நின்னு தட்டிச் சொல்லுவான். எதிரி இடது பக்கம் வந்தா இடது தோள். பின்னாடி வந்தா கழுத்து."

"பிறகு எதுக்கு அம்பு?"

"ஜனவரியில அவனை லாரி அடிச்சிருச்சு தம்பி. இனி யாரு தட்டுறது?"

அவன் மாற்றியதைச் சேமித்தான்.

வீட்டம்மா கணவரைக் கூப்பிட்டு வந்து நாற்காலியில் உட்காரவைத்தார். ஆட்டம் தொடங்கியது. சற்று நேரத்தில் பின்பக்க அம்பு எரிந்தது.

அவர் திரையை விட்டுவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

அதற்குள் எதிரி சுட்டுவிட்டான். ஆட்டம் முடிந்தது.